கேடிலாக்கின் துடுப்பை உயர்த்தியது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்க சொகுசு கார்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் 1959 கேடிலாக்கின் வால் துடுப்பை, அதாவது பின்பக்க மட்கார்டு மேல் மீன் துடுப்பு மாதிரி எழுந்து நிற்கும் தகட்டை, வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்லின் கலையின் உச்சம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தத் துடுப்பு அவ்வளவு உயரம் போனதற்குக் காரணம் ஏர்லைவிட, எதிர்முகாமில் இருந்த கிரைஸ்லர் கம்பெனிதான்.

தொடங்கிவைத்த பெருமை ஏர்லுக்கு உண்டு, மறுக்கவில்லை. கேடிலாக்கைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைத் தலைவராக இருந்த அவர், லாக்ஹீட் பி-38 என்ற இரட்டை வால் போர் விமானத்தைப் பார்க்கத் தன் ஆட்களை அழைத்துப் போனார். ஃபிராங்க் ஹெர்ஷி போன்றவர்கள் வரைந்து வரைந்து பார்த்ததில் 1948 கேடிலாக் பிறந்தது. அதில் துடுப்பு ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். பின்பக்க மட்கார்டின் வளைவு நுனிக்கு வந்ததும் லேசாக எழும்பி டெயில் லைட்டை ஏந்திக்கொள்ளும். இடப்பக்க விளக்கைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் மூடி! டிங்கரிங் பட்டறையில் தகடு தட்டியே காலத்தை ஓட்டியவன் நான். என் கண்ணுக்கு அதுதான் சரியான துடுப்பு. தனியாகச் செய்து ஒட்டியதாகவே தெரியாது.

1957ல் ஆட்டம் மாறியது. கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னர் கார்களின் உயரத்தைக் குறைத்து, கூரையை மெலிதாக்கி, பின்னால் துடுப்பை ஓங்கி நிறுத்தினார். முன்னால் தாழ்ந்து பின்னால் ஏறும் அந்தக் கோட்டுக்குத் துடுப்புதான் முடிவு. அதை எடுத்துவிட்டால் கார் பாதியில் நின்றுபோனதாகத் தெரியும். அந்த வருடத்து இம்பீரியல் என்ற கிரைஸ்லரின் சொகுசுக் காரில் பக்கக் கண்ணாடியைக்கூட வளைத்துப் போட்டார்கள். அமெரிக்கக் கார்களில் அது புதுசு. துடுப்பு இருந்தால் அதிவேகத்திலும் வண்டி ஆடாது என்று கிரைஸ்லர் விளம்பரம் செய்தது. கடைத்தெருவுக்குப் போய்வருகிறவருக்கு அதனால் என்ன லாபமோ! அவசர அவசரமாகச் சந்தைக்கு விட்டதில் தண்ணீர் ஒழுகியது, துரு பிடித்தது என்று புகார் குவிந்தது வேறு கதை.

இந்தக் கார்கள் கடைக்கு வருவதற்கு முன்பே, 1956ல், ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன் கிரைஸ்லர் வளாகத்து வேலிக்கு அப்பால் கிரைஸ்லரின் புது பிளிமத் கார்கள் நிற்பதைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்து மற்றவர்களிடம் சொன்னார். அவர்களும் போய்ப் பார்த்தார்கள். 1959க்காகத் தாங்கள் செய்துவைத்திருந்தவை தடித்துப் பழசாகத் தெரிந்தன. ஏர்ல் அப்போது ஐரோப்பாவில். ஏர்லுக்கு அடுத்த நிலையில் இருந்த பில் மிட்செல் துணை நிற்க, எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக வரையத் தொடங்கினார்கள். ஏர்ல் திரும்பி வந்து அதற்குத் தலையாட்டினார். இதைப் போய் அவருடைய கலையின் உச்சம் என்றால் எப்படி?

அந்த 59 மாடலில் எனக்குப் பிடித்தவையும் உண்டு. படத்தில் துடுப்பை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மெல்லிய கூரை, வளைந்த பெரிய கண்ணாடி, அதிகம் அலங்காரம் இல்லாத பக்கவாட்டு. 18 அடி 9 அங்குல நீளம் கண்ணுக்குச் சுமையாகவே இல்லை. அப்புறம் விரலை எடுங்கள். கத்தி மாதிரித் துடுப்பு, ஒவ்வொன்றிலும் தோட்டா வடிவில் இரண்டு சிவப்பு விளக்கு. போதாக்குறைக்குப் பின்பக்கத்திலும் ஒரு கிரில், எஞ்சினுக்குக் காற்று போக முன்னால் வைப்பார்களே அந்தக் கம்பித் தட்டி! எஞ்சின் இருப்பது முன்னால். பின்னால் எதற்கு ஐயா கிரில்? பக்கத்து வீட்டுக்காரனை மிஞ்ச வேண்டும் என்ற பதற்றம்தான் அதில் தெரிகிறது. அடுத்த வருடமே துடுப்பைத் தாழ்த்திவிட்டார்கள். 1964 மாடலோடு கேடிலாக்கில் அதன் கதை முடிந்தது. இதற்கிடையே 1961ல் லிங்கன் கான்டினென்டல் துடுப்பே இல்லாமல் வந்து, சொகுசுக் காருக்கு வால் தேவையில்லை என்று காட்டிவிட்டது. எல்வுட் எங்கல் வரைந்த அந்தக் காருக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. அநியாயம்.

இன்னொரு குறை. துடுப்பு நம் ஊர்த் தெருக்களிலும் ஓடியதைக் கட்டுரை சொல்லவே இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பின்னால் கூரான சின்னத் துடுப்பு உண்டு. பம்பாயில் செய்த பியட்டுக்கும், அதுவே பெயர் மாறி வந்த பத்மினிக்கும் உண்டு. 13 அடிகூட இல்லாத கார். அதன் அளவுக்கு அந்தத் துடுப்பு அடக்கமாகவே இருக்கும். அமெரிக்கக் கார்த் தொழிலின் ஊரான டெட்ராய்ட் கைவிட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் பம்பாயில் அந்தத் தகட்டை அச்சில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொடரின் அடுத்த பகுதியில் 1957 இம்பீரியலின் படத்தைப் போடுங்கள். பின்பக்கத்திலிருந்து எடுத்த படமாகப் பார்த்துப் போடுங்கள். சென்ற இதழில் பாதிப் படங்கள் முன்பக்கத்தைத்தான் காட்டின.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிங்கரிங் தொழிலாளி,
கோயம்புத்தூர்