கேஸ் அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் தொடங்கினால் சென்னையில் ஜெனரேட்டருக்கும் கேஸ் கீசருக்கும் கிராக்கி. இரண்டுமே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கக்கக்கூடியவை. அதற்கான அலாரத்தை இணையத்தில் வாங்கி மாட்டுகிறவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பல வீடுகளில் வாங்கிய பொருளும் தவறு, மாட்டிய இடமும் தவறு. இதில் சிலவற்றைத் தெளிவுபடுத்தத்தான் இந்தக் கடிதம்.

முதல் குழப்பம் பொருளிலேயே வருகிறது. கடையில் 'கேஸ் டிடெக்டர்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் சமையல் எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி. சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையோடு பரவும். அதனால் அந்தக் கருவியைத் தரையிலிருந்து ஓரடிக்குள் பொருத்த வேண்டும். இப்போது நகரில் குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு நேர்மாறு. மேலே ஏறும், கருவியும் கூரையருகே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு இந்த இரண்டிலும் சேராது. ஏறத்தாழக் காற்றின் எடைதான், அதோடு கலந்து அறை முழுக்க நிற்கும். கசிவு தெரியட்டும் என்று சிலிண்டர் வாயுவில் வாடை சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, கண்ணும் எரியாது. கசிவுக் கருவி இதைக் காட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். வாங்கும்போது பெட்டியில் யூஎல் 2034 (அமெரிக்கத் தரம்) அல்லது ஈஎன் 50291 (ஐரோப்பியத் தரம்) என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத முந்நூறு ரூபாய்ச் சாமானை வாங்கி மாட்டுவதைவிடச் சும்மா இருப்பது மேல்; குறைந்தபட்சம் பொய்த் தைரியமாவது வராது.

அடுத்து, அலாரம் 'உடனே' அடிக்காது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு என்பதே ஒரு பிபிஎம். யூஎல் தரப்படி 70 பிபிஎம் இருந்தால் 1 மணி முதல் 4 மணி நேரத்துக்குள், 150 இருந்தால் 10 முதல் 50 நிமிடத்துக்குள், 400 இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். ஐரோப்பியத் தரம் இன்னும் கறார்: 50 பிபிஎம்முக்கு 60 முதல் 90 நிமிடம், 300க்கு 3 நிமிடத்துக்குள். இந்த வாயு ரத்தத்தில் மெல்ல மெல்லச் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் இந்த நேரங்கள். ஆகவே ஊதுவத்தியை அருகே காட்டி 'அடிக்கவில்லையே' என்று சோதிப்பது வீண். 'டெஸ்ட்' பொத்தான்கூட, பேட்டரியும் ஒலியும் மின்சுற்றும் சரியா என்றுதான் சொல்லும். உள்ளே இருக்கும் சென்சார் உயிரோடிருக்கிறதா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

மாட்டும் இடம். படுக்கையறை வாசலருகே ஒன்று கட்டாயம்; தூங்குகிறவர் காதில் விழ வேண்டும். சுவரில் மூக்கு உயரத்தில், அதாவது 5 அடி சுமாருக்கு மாட்டலாம். எரியும் சாதனம் அதே அறையில் இருந்தால் அதிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, கதவு ஜன்னலின் மேல்விளிம்பைவிட உயரத்தில், கூரையிலிருந்து அரையடி கீழே. அடுப்புக்கு நேர் மேலே, திரைச்சீலைக்குப் பின்னால், பீரோ இடுக்கில், ஏசி காற்றோ ஃபேன் காற்றோ நேராக அடிக்கும் இடத்தில் வேண்டாம். குளியலறைக்குள்ளும் வேண்டாம், நீராவி சென்சாரைக் கெடுக்கும். 6 மி.மீ. பிட்டால் துளை போட்டு, ரால்பிளக் செருகி, இரண்டு ஸ்க்ரூ முடுக்கினால் வேலை முடிந்தது. துளை போட்ட தூசியைத் துடைத்த பிறகு கருவியை மாட்டுங்கள்.

சென்னைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. சுவர் பிளக்கில் செருகும் வகையை வாங்காதீர்கள், உள்ளே பேட்டரி இருந்தாலொழிய. மின்வெட்டில்தான் ஜெனரேட்டர் ஓடும். அதே மின்வெட்டில் அந்த அலாரம் செத்துக் கிடக்கும். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பிளக் வகை 120 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது. அந்த ஊர்க் கருவிகள் பலவற்றுக்கு வெப்ப வரம்பும் 38 டிகிரியோடு நின்றுவிடும். அக்னி நட்சத்திரத்தில் மேல்மாடி வீட்டுக் கூரையருகே அதைத் தாண்டாத நாள் அபூர்வம். 50 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை இன்வெர்ட்டர். மின்சாரம் திரும்பியதும் லெட்-ஆசிட் பேட்டரி வேகமாகச் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கார்பன் மோனாக்சைடு சென்சார்களில் பெரும்பாலானவை ஹைட்ரஜனுக்கும் வாய் திறப்பவை. நடுராத்திரி, வீட்டில் ஒரு அடுப்பும் எரியவில்லை, அலாரம் அலறுகிறது. மறுநாள் 'இது சும்மா கத்துது' என்று பேட்டரியைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், அலாரத்தை இன்வெர்ட்டர் இருக்கும் இடத்தைவிட்டு அடுத்த அறைக்கு மாற்றுங்கள். பேட்டரி இருக்கும் மூலைக்குக் காற்றோட்டம் கொடுங்கள். பேட்டரி தொட முடியாமல் சுட்டாலோ அழுகிய முட்டை வாடை அடித்தாலோ சார்ஜிங் கோளாறு. இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் 'இன்வெர்ட்டர்தான்' என்று நினைத்துப் படுத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலில் வெளியே வாருங்கள், காரணம் அப்புறம்.

பெயின்ட், தின்னர், சானிடைசர் ஆவிக்கும் சில கருவிகள் அடிக்கும். ஆனால் சாம்பிராணிக்கு அடித்தால் அது பொய் அல்ல. தூபக்காலில் புகையாமல் சிவந்து கனலும் கரித்துண்டுதான் கார்பன் மோனாக்சைடைத் தாராளமாக விடுகிறது. பச்சைக் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு புகை காட்டும் பழக்கம் இருக்கும் வீடுகள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும், முடிந்ததும் தூபக்காலை வெளியே வைக்கட்டும்.

கேஸ் கீசர். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சாதாரணக் கீசர் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரிவாயுவை எரிக்கும். அதற்கு 11, 12 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடிக்கு 7 அடி, 9 அடி உயரக் குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 9 கன மீட்டர்தான். கதவையும் வென்டிலேட்டரையும் அடைத்துக்கொண்டு கால் மணி நேரம் குளித்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றின் ஆக்சிஜனைக் கீசர் தின்றிருக்கும். ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு ஏறும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். புதுக் காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேனைப் போட்டால் அது எதை இழுத்து வெளியேற்றும்? புகைக்குழாய் உள்ள கீசராக இருந்தால் வெளியே போன புகையையே அது திரும்ப உள்ளே இழுத்துவிடும். அலாரம் இதற்கெல்லாம் மருந்தல்ல. கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த சர்வீஸ் பால்கனியில் மாட்டித் தண்ணீரைக் குழாயில் உள்ளே கொண்டுவருவது ஒன்றே வழி.

ஜெனரேட்டர் விஷயத்தில் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்புகளின் அறிவுரை. முப்பதுக்கு நாற்பது மனையில் அந்த இடத்துக்கு எங்கே போவது? 2016 வர்தா, 2023 மிக்ஜாம் போன்ற நாள்களில் தெருவில் தண்ணீர் நிற்கும், மின்சாரம் நாள்கணக்கில் வராது. அப்போது பெட்ரோல் ஜெனரேட்டரை பால்கனிக்கோ மாடிப்படிக்கோ தூக்கி வைக்கத்தான் கை போகும். கூடவே கூடாது. இடமில்லாதவர்கள் இன்வெர்ட்டரோடு நிறுத்திக்கொள்வது மேல்.

அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டில்ட் பார்க்கிங்கில் இருக்கும் டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று மழைக்கு முன் பாருங்கள். கரி இருந்தால் அங்கே கசிகிறது. மாடிப்படியும் லிஃப்ட் குழியும் கீழே கசிவதை மேலே இழுத்துக்கொண்டு போகும். எனவே முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு அலாரத்தைச் சங்கச் செலவிலேயே மாட்டலாம். பார்க்கிங்கில் ஏசி போட்டபடி காருக்குள் தூங்கும் டிரைவர்களையும் எழுப்பி வெளியே அனுப்புங்கள்.

நான்கு பீப், சிறு இடைவெளி, மறுபடி நான்கு பீப் என்றால் ஆபத்து. நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றை 'கீச்' என்றால் பேட்டரி தீர்ந்தது, அல்லது கருவியின் ஆயுள் முடிந்தது. ஆபத்து ஒலி கேட்டால் எல்லோரும் திறந்த வெளிக்கு வந்து ஆளெண்ணுங்கள், 108ஐயும் 101ஐயும் அழையுங்கள். அடிப்பது கசிவுக் கருவியா இதுவா என்று புரியாவிட்டால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், ஆனால் காய்ச்சல் இல்லை, வெளியே வந்தால் தெளிகிறது என்றால் அலாரம் அடிக்காவிட்டாலும் சந்தேகப்படுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, 98 காட்டுகிறது என்று சமாதானமாகிவிட வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா, இந்த நஞ்சு ஏறியிருக்கிறதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மருத்துவமனையில் 'கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு.

சென்சாரின் ஆயுள் கருவியைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. முடிவுத் தேதி பின்பக்கம் அச்சாகியிருக்கும், மாட்டிய பிறகு யார் கண்ணிலும் படாது. அதை மார்க்கர் பேனாவால் முன்பக்கத்தில் எழுதிவிட்டு மாட்டுங்கள். பேட்டரி ஆல்கலைனாக இருக்கட்டும். ரீசார்ஜ் வகையின் மின்னழுத்தம் குறைவு என்பதால் புதிதாகப் போட்டாலும் 'கீச்' நிற்காமல் போகலாம்.

இப்படிக்கு,
வீட்டு எரிவாயு, மின்சாதனப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை.