யூடியூபில் பார்த்தால் போதுமா, கண்ணு?

சாமு கண்ணுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைத் தெரியப்படுத்து.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாயா என்று கேட்டதற்கு, “யூடியூப்லயே பார்த்துட்டேன்மா” என்றாய். அதற்கு முந்தின வாரமும் அதே பதில்தான். நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தறிப்பட்டறைக் கவலையே தலைக்கு மேல் கிடக்கிறது.

யூடியூப் எனக்கும் தெரியும் சாமி. 2020-ல் சர்ச்சைப் பூட்டியிருந்தபோது, ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, அப்பா எங்கேயோ போய்த் தென்னங்குருத்து கொண்டுவந்து சிலுவை முடைந்தாரே. போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடினோம். ஆயர் ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பித்ததும் படம் நின்று வட்டம் சுற்றியது, நீகூடச் சிரித்தாய். அன்றைக்கு வேறு வழியில்லை. இப்போது என்ன? பெங்களூரில் தமிழ் ஆராதனைக்குப் பஞ்சமா? திருவிருந்து அப்பத்தைப் போனிலா வாங்குவாய்?

அதைவிட, நீ வராததைப் போன் கவனிக்குமா? முழங்கால் வலியில் நான் ஒரு வாரம் போகவில்லை. மத்தியானமே சூளை அத்தை தூக்குப்போசியில் ரசத்தோடு வாசலில் நிற்கிறாள். வரப்பு விவகாரத்துக்கு அப்புறம் அவள் நம் வீட்டுப் படி மிதித்தது அன்றைக்குத்தான். “உன்ற இடம் காலியா இருந்துச்சு” என்றாள், அவ்வளவுதான். அங்கே உன் இடம் காலி என்று யாருக்குத் தெரியும், கண்ணு?

சபையில் எல்லோரும் வேலை என்ன, சம்பளம் என்ன, கல்யாணம் எப்போது என்று துருவுகிறார்கள் என்பாய். துருவத்தான் செய்வார்கள், நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? லூக்கா நாலாம் அதிகாரத்தை எடுத்துப் பார். இயேசு ஓய்வுநாளில் நாசரேத்து ஜெப ஆலயத்துக்குத் தம்முடைய வழக்கத்தின்படியே போனார் என்று இருக்கிறது. அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களே அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். உன்னை யாரும் தள்ளப் போவதில்லை, கேள்விதான் கேட்பார்கள். பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் “ஜெபம் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு வா.

வேலை ரொம்ப அதிகம் என்கிறாய். சரி. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், அப்பாவுக்குக் கூலிப் பாக்கி வந்துவிட்டது.

பத்து வயதில் பிரப் சர்ச்சில் வேதபாடம் வாசித்தவன் நீ. மைக் எட்டாமல் ஸ்டூல் போட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி பிரப் ஐயர் பேரில் இருக்கிற அவ்வளவு பெரிய சர்ச்சில் கடைசி வரிசை வரைக்கும் உன் சத்தம் கேட்டது. இப்போது போனிலேயே நீ பேசுவது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாயா?

அடுப்பிலிருந்து தனியே எடுத்து வைத்த கரித்துண்டு அணைந்துபோகிற கதையை நான் சொல்லப் போவதில்லை. அது எல்லாப் பிரசங்கத்திலும் வந்து தேய்ந்துவிட்டது. இயேசுவின் சீஷர் தோமாவைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உயிர்த்தெழுந்த அந்த முதல் ஞாயிறு சாயங்காலம் இயேசு சீஷர்களிடம் வந்தபோது தோமா அங்கே இல்லை. எங்கே போனார் என்று யோவான் எழுதவில்லை. மற்றவர்கள் வந்து சொன்னதையும் நம்பவில்லை. ஆனாலும் எட்டு நாள் கழித்துச் சீஷர்கள் உள்ளே கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடே இருந்தார். நம்பிக்கை வந்த பிறகு வருகிறேன் என்று அவர் வெளியிலேயே நிற்கவில்லை. மற்றவர்களும் ஏன் வந்தாய் என்று கேட்டதாக இல்லை. மனம் சரியில்லை என்றால் சரியில்லாத மனதோடே போ. பாட வராவிட்டால் சும்மா உட்கார்ந்திரு. பின் வரிசையில் உட்கார், பரவாயில்லை. ஆனால் போ.

இங்கே உன் பெயரில் சபைச் சந்தா கட்டிக்கொண்டுதான் வருகிறேன். ரசீதில் பெயர் இருந்தால் ஆள் இருப்பதாக ஆகிவிடாது, அதுவும் எனக்குத் தெரியும்.

அறுப்பின் பண்டிகைக்கு வரப் பார். டிக்கெட்டுக்கு நான் போட்டுவிடுகிறேன், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். பருப்புப் பொடியும் மஞ்சள் தூளும் பார்சலில் வருகிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடு. என்ன பிரசங்கம் என்று கேட்க மாட்டேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், உன்னிடம் பேசினார்களா, அதை மட்டும் சொல்.

அம்மா