காலிகோங்கிறது பூனை ஜாதி இல்ல, துணியோட பேரு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல செல்லப்பிராணி பக்கத்துல காலிகோ பூனையை வெளிநாட்டு ஜாதின்னு போட்டிருந்தீங்க. மனசு கேக்கல, அதான் எழுதுறேன். வெள்ளை உடம்புல கருப்பும் ஆரஞ்சும் திட்டுத்திட்டா இருந்தா அந்த நிறத்துக்குத்தான் காலிகோன்னு பேரு, எங்க தெரு மீன்கடை வாசல்ல படுத்துக்கிடக்கிற பூனையும் காலிகோதான்.

பேரு வந்ததே நம்ம கள்ளிக்கோட்டைலேருந்து, அதாங்க இன்னிக்கு கோழிக்கோடு. அந்தத் துறைமுகத்துலேருந்து கப்பலேறின பருத்தித் துணிக்கு வெள்ளக்காரங்க ஊர்ப்பேரையே வச்சுட்டாங்க. எங்கப்பா பைண்டிங் வேலை பாத்தவரு, அவருக்கு காலிகோன்னா மொடமொடன்னு இருக்கிற சிவப்புத் துணி, அட்டையில மைதா பசை தடவி அதை இழுத்து ஒட்டி புஸ்தகத்து முதுகுல கட்டைவிரலால நீவி நீவி விடுவாரு, சுருக்கம் ஒண்ணு விழாது.

இதுக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்னா, நம்ம நாட்டு அச்சுத்துணி மேல இங்கிலாந்துல அவ்ளோ மோகம், அங்க கம்பளி, பட்டு நெய்யிறவங்க கொதிச்சுப்போயி 1700லயும் 1721லயும் சட்டம் போட்டே தடுத்தாங்க. இன்னிக்கும் இங்கிலாந்துல காலிகோன்னா வெறும் வெள்ளைத் துணிதான், ஆனா அமெரிக்காவுல பூப்போட்ட துணிக்கு அந்தப் பேரு நின்னுபோச்சு, அப்புறம் திட்டுத்திட்டா இருக்கிற குதிரை, பூனைன்னு எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு.

இன்னொண்ணு, காலிகோ பூனை கிட்டத்தட்ட எல்லாமே பெட்டைதான். ஆரஞ்சு நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, கடுவனுக்கு ஒரு எக்ஸ்தான், பெட்டைக்கு ரெண்டு எக்ஸ், காலிகோவுக்கு ஒண்ணுல ஆரஞ்சு, இன்னொண்ணுல கருப்பு, ஒவ்வொரு செல்லுலயும் அதுல ஒண்ணு தூங்கிடும், எது முழிச்சிருக்கோ அந்த நிறம் அந்த இடத்துல. அதனாலதான் 2001ல டெக்சாஸ்ல ஒரு காலிகோ பூனையோட ஒரு செல்லை எடுத்து குளோனிங் பண்ணப்போ, அதாவது நகல் எடுத்தப்போ, அந்தச் செல்லுல ஆரஞ்சு எக்ஸ் தூங்கிட்டிருந்ததால பொறந்த குட்டிக்கு ஆரஞ்சே வரல.

இதெல்லாம் தெரியாம எங்க ஊர்ல ஒரு கடையில "இம்போர்ட்டட் காலிகோ"ன்னு சொல்லி என் தங்கச்சிகிட்ட எட்டாயிரம் வாங்கிட்டாங்க, பாத்தா சாதா நாட்டுக்குட்டி. உங்க இதழைப் பாத்துட்டுத்தான் போனா. அடுத்த இதழ்ல ஒரு வரி திருத்தம் போடுங்க சார். குட்டி நல்லாத்தான் இருக்கு, அதுக்கு கள்ளின்னு பேரு வச்சிருக்கோம்.

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்