உன் ஹெமிங்வேயும் என் செப்டிமஸும்

அன்புள்ள பாஸ்கர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுகளைச் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. கணேசன் அப்படியேதான் இருக்கிறான். கடன் கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஹாஸ்டல் சுவரில் அந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே படத்தை ஒட்டிவைத்து, "ஆம்பளைன்னா இவன்தான்டா" என்று எங்கள் உயிரை எடுத்தாயே, அவருடைய 'தி சன் ஆல்சோ ரைசஸ்' நாவலை மறுபடி படித்தேன். 1926இல் வந்தது. நீ அதில் காளைச் சண்டையைத் தவிர எதையும் படிக்கவில்லை என்று இப்போது உறுதியாகிவிட்டது. கதை சொல்லும் ஜேக், முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் அடிபட்டவன். எங்கே அடி என்று நாவல் உடைத்துச் சொல்வதில்லை. ஓர் இரவு உடைகளைக் களைந்துவிட்டு அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். உடனே என்ன நினைக்கிறான் தெரியுமா? பிரெஞ்சுக்காரர்கள் அறையில் இப்படித்தான் சாமான் போடுவார்கள் என்று! அதற்கப்புறம்தான், அடிபட வேறு இடமா இல்லை, வேடிக்கைதான் என்கிற நினைப்பு வருகிறது.

பிரெட் என்ற பெண் மீது அவனுக்கு உயிர். ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. அவள் சில ஓரினச் சேர்க்கை இளைஞர்களோடு நடனக் கூடத்துக்கு வரும்போது இவனுக்கு அப்படி ஒரு கோபம், யாரையாவது அடிக்கலாம் போல. அவர்களால் முடியும், வேண்டாம் என்கிறார்கள். இவனுக்கு வேண்டும், முடியவில்லை. அந்த எரிச்சல்தான் என்று நினைக்கிறேன். அதே நாவலில் மீன்பிடிக்கப் போன இடத்தில் நண்பன் பில் இவனிடம், உலகத்திலேயே உன்னைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நியூயார்க்கில் இதைச் சொன்னால் என்னை அந்த மாதிரி ஆள் என்பார்கள் என்கிறான். ஒரு நண்பனைப் பிடிக்கும் என்று சொல்ல ஸ்பெயின் மலைக்குப் போக வேண்டியிருக்கிறது பார்.

1958 பேட்டி ஒன்றில் ஹெமிங்வே, ஜேக்கின் காயம் உடலில்தான், மனத்தில் இல்லை, அவன் ஆண்மை இழந்தவனே அல்ல என்று வாதாடுகிறார். முப்பது வருடம் கழித்தும் அதில் எவ்வளவு அக்கறை!

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், ஹெமிங்வே நாவலுக்கு ஒரு வருடம் முன்பே, 'மிஸஸ் டாலோவே' நாவலில், இதைத் தலைகீழாகப் போட்டிருந்தார். அதில் போருக்குப் போய்வந்த செப்டிமஸின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஷேக்ஸ்பியர் பைத்தியமான அந்தக் குமாஸ்தாவை ஃபுட்பால் ஆடச் சொன்னார் அவனுடைய மேலாளர். ஃபுட்பால் தர வேண்டிய ஆண்மை பதுங்குகுழியில் உடனே கிடைத்துவிட்டது என்று வுல்ஃப் நக்கலாக எழுதுகிறார். அங்கே எவன்ஸ் என்ற அதிகாரியோடு நெருக்கம், கணப்படுப்பு முன்னால் விளையாடும் இரண்டு நாய்களைப் போல. அது காதலா என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. போர் முடியப் போகும் நேரத்தில் எவன்ஸ் சாகிறான். செப்டிமஸ் பெரிதாக எதுவும் உணராமல், அதற்காகத் தன்னையே மெச்சிக்கொள்கிறான். அப்புறம் எதையுமே உணர முடியவில்லை. அந்தப் பீதியில்தான் ரேசியா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அவள் பிள்ளை வேண்டும் என்கிறாள், இவனுக்கோ உடலுறவே அருவருப்பு. கடைசியில் ஜன்னலிலிருந்து குதிக்கும்போது டாக்டர் "கோழை!" என்று கத்துகிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். சேகரின் அப்பா போன அன்று, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பந்தலில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தானே அவன்? "ஆம்பளைப் பிள்ளை" என்று பெரியவர்கள் மெச்சினார்கள். அதற்குப் பிறகு அவன் எப்படி ஆனான் என்று உனக்கே தெரியும். ஜேக்கிற்காவது தான் இழந்தது என்னவென்று தெரியும்.

டி. எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லிஸ் லவர்' நாவலில் வரும் கணவன் கிளிஃபர்ட் சாட்டர்லி பற்றி இப்போது வேண்டாம். போரில் இடுப்புக்குக் கீழே முடங்கிப்போன மனிதனையே வில்லனாக்கிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம், பக்கம் போதாது.

'டாலோவே'யைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முதலில் பொறுமை போகும், என்னைத் திட்டிக்கொண்டே படி. செப்டிமஸ் வரும் பக்கங்களைத் தாண்டிப் போனாயோ, தொலைந்தாய். எவன்ஸ் விஷயத்தில் நீ சண்டைக்கு வருவாய், தயாராகத்தான் இருக்கிறேன்.

அன்புடன்,
ரவி