செகியிலிருந்து அப்பாவுக்கு

செகி, கிஃபு மாகாணம்,
ஜப்பான்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் குறைந்துவிட்டது. ஃபேக்டரியில் இந்த மாதம் பகல் ஷிப்ட். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும், அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரப் பாட்டி அலமாரியை ஒழித்தபோது, செத்துப்போன தாத்தாவின் வாள்கத்தி ஒன்று துணியில் சுற்றிக் கிடைத்தது. இங்கே சீட்டு இல்லாமல் அந்த மாதிரி வாள்கத்தி வைத்திருக்கக் கூடாது. போலீஸில் சொல்லி, கண்டெடுத்ததற்குச் சீட்டு வாங்கி, மாகாணக் கல்வி வாரியத்தில் காட்டிப் பதிய வேண்டும். 6,300 யென் கட்டணம். பாட்டிக்குத் துணையாக நானும் போனேன்.

சோதித்த பெரியவர் முதலில் பார்த்தது அலகை இல்லை. பிடியைப் பூட்டியிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். இடது கையில் பிடியை நிமிர்த்திப் பிடித்து, அந்த மணிக்கட்டில் வலது கை முஷ்டியால் இரண்டு தட்டு தட்டினார். பிடி கழன்று, உள்ளே இருந்த காம்பு வெளியே வந்தது. அப்பா, அது பழம்புளி நிறம். வெறும் கண்ணுக்குச் சிவப்புத் துரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. செய்த அன்றைக்கு அரம் போட்டதோடு சரி, அதற்கப்புறம் காம்பை யாரும் தேய்ப்பதில்லை. அலகு எத்தனை தடவை சாணை கண்டாலும் காம்பின் துரு அப்படியே இருக்கும். கத்தியின் வயதை அதிலும் பார்க்கிறார்கள்.

காம்பில் கானெமோதோ என்று வெட்டியிருந்தது. பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மகோரோகு என்று பேர்பெற்ற இரண்டாம் கானெமோதோ, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மினோ பக்கம் கத்தி அடித்த கொல்லர். அவர் பெயருக்கு விலை உண்டு, அதனாலேயே போலியும் ஏராளம். பதிவுச் சீட்டில் நீளம், வளைவு, ஆணித்துளை, வெட்டியிருக்கும் பெயர் எல்லாம் எழுதித் தந்தார்கள். ஆனால் அந்தப் பெயர் அசல் என்று அந்தச் சீட்டு சொல்லாது. அது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

கத்தி தீட்டும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் லென்ஸை என் கையில் கொடுத்து எழுத்தைப் பார்க்கச் சொன்னார். காம்பு கறுப்பு, எழுத்தின் பள்ளத்துக்குள் மட்டும் சிவப்பு. கத்தி செய்த அன்றைக்கே எழுத்தையும் வெட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாகக் கறுத்திருக்கும். பிறகு அலகை விளக்குக்கு நேரே சாய்த்தார். வாயோரமாகத் தோய்ச்சல் கோடு, அதாவது காய்ச்சித் தண்ணீரில் முக்கியதில் விழுந்த தடம், மும்மூன்று தேவதாரு மரம் நிற்கிற மாதிரி ஏறி இறங்கிப் போனது. மகோரோகு கையில் அந்த மரங்கள் ஒழுங்கில்லாமல் நிற்குமாம். பின்னால் வந்தவர்கள்தான் சீராக அடுக்கினார்கள். பாட்டியின் கத்தியில் சீப்புப் பல் மாதிரி ஒரே சீர். கத்தி இந்தப் பக்கத்து வேலைதான், நல்ல வேலை, பெயரை மட்டும் யாரோ பின்னாளில் வெட்டியிருக்கிறார்கள் என்றார்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான். நீங்கள் அருவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டுவீர்கள். இவர்கள் முதுகில் தடிமனாகவும் வாயில் மெலிசாகவும் களிமண் பூசி, கத்தி முழுவதையும் முக்குகிறார்கள். திருப்பாச்சேத்தி உலையிலும் இங்கேயும் தேடுவது ஒன்றைத்தான்: வாய் கெட்டியாக வேண்டும், முதுகு ஒடியக் கூடாது. அந்த இடத்தில் உங்களைப் பக்கத்தில் நிறுத்திக் காட்ட முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தோக்கியோவில் ரியோகோகுவில் ஒரு சங்கம் இருக்கிறது. அசலா என்று பார்த்துப் பத்திரம் தருவார்கள். பாட்டி அனுப்ப வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, அலகுக்குக் கிராம்பு எண்ணெய் பூசச் சொன்னார். நம் வீட்டில் பல்வலிக்குப் பஞ்சில் வைப்போமே, அந்த வாசம்.

அப்பா, பரணில் தாத்தா அடித்த அருவாள் இருக்கிறதல்லவா? பிடி ஆடுகிறது, மாற்ற வேண்டும் என்றீர்கள். மாற்றுங்கள். ஆனால் பிடிக்குள் இருக்கும் காம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கழற்றியதும் வெயிலில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்