புகைப்படப் பக்கங்களைச் சாதாரண போனில் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக்குச் சுற்றுலா வர நினைப்பவர்கள் முதலில் தேடுவது படங்களைத்தான். திற்பரப்பு அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது, சிதறால் மலைப்பாதையில் வயதானவர்கள் ஏற முடியுமா, மாத்தூர் தொட்டிப்பாலத்து நடைபாதை எவ்வளவு அகலம் என்பதற்கெல்லாம் ஒரு நல்ல படமே பதில் சொல்லிவிடும். ஆனால் இங்குள்ள விடுதிகள், கோயில்கள், தேவாலயங்கள், பள்ளி கல்லூரிகள், அரசுத் துறைகள் இணையத்தில் வைத்திருக்கும் புகைப்பட கேலரிகள் பலவும் போனில் திறப்பதற்கே திணறுகின்றன. நல்ல கேமராக்காரரை வைத்து எடுத்த படங்கள் யாருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன. பெரிய செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய விஷயம் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெரிய கோளாறு படத்தின் எடைதான். போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும். கோப்பு 3 முதல் 5 மெகாபைட் வரை வரும். அதை அப்படியே ஏற்றிவிட்டு, பக்கத்தில் மட்டும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறார்கள். கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்தாலும் போனில் இறங்குவது முழுக் கோப்புதான். ஒரு பக்கத்தில் 40 படம், தலா 4 மெகாபைட் என்றால் 160 மெகாபைட். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அது இறங்கி முடிய 10 நிமிடத்துக்கு மேலாகும். அதே 40 படத்துக்கும் 400 பிக்சல் அகலத்தில், 30 கிலோபைட் அளவில் தனியாகத் தம்ப்நெயில் (பக்கத்தில் முதலில் காட்டும் சிறு படம்) செய்து வைத்தால் மொத்தமே 1.2 மெகாபைட், 5 நொடியில் வந்துவிடும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது இந்த வித்தியாசம் புரியும்.

தொட்டால் திறக்கும் பெரிய படத்துக்கு நீளமான பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் (வழக்கமான பட வடிவம்) சேமிக்கும்போது கேட்கும் தரம் 100க்கு 80 போதும். வெப்பி (WebP) என்ற இணையத்துக்கான பட வடிவில் சேமித்தால் அளவு இன்னும் கால் பங்கு குறையும். எப்போதும் மூலப் படத்திலிருந்தே சுருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்து மறுபடி சுருக்கினால் விளிம்புகள் கலங்கிப்போகும். சில கேமராக்களில் உள்ள அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் எடுத்த படங்களை, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்புக்கு மாற்றாமல் ஏற்றினால், தோவாளைப் பூச்சந்தையின் சிவப்புக் கிரேந்திப் பூ கூடச் சில திரைகளில் வெளிறித் தெரியும். எடுத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும், படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிடுவது நல்லது, குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் படங்களில். ஒன்று மட்டும் கவனம்: நின்ற வாக்கில் எடுத்த படத்தைப் பல போன்கள் படுத்த வாக்கில் சேமித்து, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை அதே விவரத்தோடு சேர்த்து வைக்கின்றன. எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தால் படம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். முதலில் நிமிர்த்திச் சேமித்து, பிறகு அழிக்க வேண்டும்.

அடுத்தது பேக் பட்டன். 27ஆவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போக பேக்கை அழுத்துகிறார் ஒருவர். கேலரியே மூடி, அதற்கு முன் இருந்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. பெரிய படம் தனி முகவரி இல்லாமல் அதே பக்கத்தின் மேல் திறப்பதுதான் காரணம். மறுபடி உள்ளே வந்தால் முதல் படத்திலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனி முகவரி கொடுத்தால் இது தீரும், ஒரு படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் முடியும். மூடும் 'எக்ஸ்' குறியோ மூலையில் சின்னதாக, வெள்ளையாக இருக்கிறது. குமரிக் கடற்கரைப் படங்களில் மேல்பாதி முழுக்க வெளிர் வானம். அங்கே அது எப்படித் தெரியும்? அடியில் கறுப்பு வட்டம் வைத்து, 44 பிக்சல் அளவுக்காவது பெரிதாக்க வேண்டும். படத்துக்கான அகலமும் உயரமும் முன்கூட்டியே குறிக்கப்படாத பக்கங்கள், படங்கள் வந்து சேரச் சேரக் குதிக்கின்றன. ஒன்றைத் தொடப் போனால் விரல் இன்னொன்றில் விழுகிறது. தானாக ஓடும் ஸ்லைடர்களை எடுத்தே விடலாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் நழுவிப் போவது யாருக்கும் பிடிக்காது.

படக்குறிப்பை ஏனோ பலரும் அலட்சியம் செய்கிறார்கள். எடுத்த மாதமும் ஆண்டும் கட்டாயம் வேண்டும். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பாலம் இல்லாத படம் தேதியின்றி முதல் வரிசையில் இருந்தால் வெளியூர்க்காரர் குழம்பத்தான் செய்வார். மழைக்காலத்துத் திற்பரப்பைப் பார்த்துவிட்டுக் கோடையில் வருகிறவரின் ஏமாற்றமும் இப்படித்தான் உண்டாகிறது. குறிப்பைப் படத்தின் மேலேயே பொறிக்காமல், யூனிகோட் எழுத்தில் கீழே தனியாகத் தர வேண்டும். படத்தில் பொறித்ததைத் தேடுபொறி எளிதில் கண்டுகொள்ளாது, பார்வையற்றோரின் திரைவாசிப்பான் பெரும்பாலும் படிக்காது. இப்போது பல கேலரிகளில் திரைவாசிப்பான், கேமரா வைத்த கோப்புப் பெயரை 'டிஎஸ்சி 0043' என்றுதான் வாசிக்கிறது. 'கன்னியாகுமரி' என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. 'வள்ளுவர் சிலை பின்னணியில், கண்ணாடிப் பாலத்தில் மாலையில் நடந்து செல்லும் மக்கள்' என்று மாற்று உரை (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம்) எழுத அரை நிமிடம் போதும். அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009இலேயே வந்துவிட்டன. படங்களுக்கு மாற்று உரை வேண்டும் என்பது அரசுத் துறைகளுக்குப் புதிய செய்தி அல்ல.

செய்தி இணையதளங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டப் படங்கள் 20ஐ 20 பக்கங்களாக உடைத்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் விளம்பரத்தோடு முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றுவது வாசகரின் டேட்டாவை வீணாக்குகிறது. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துத் தந்து, இடையிடையே விளம்பரம் வைக்கலாமே.

கேலரி செய்து முடித்ததும் அலுவலக வைஃபையில், பெரிய திரையில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு பழைய போனை மொபைல் டேட்டாவில் போட்டு, அந்தப் பக்கத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். 'பத்மநாபபுரம் அரண்மனை நவராத்திரி மண்டபப் படத்தைக் கண்டுபிடித்து உங்கள் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். வழி சொல்லித் தராமல், விரல் எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். ஐந்து பேரிடம் இப்படிக் கொடுத்தாலே முக்கியமான கோளாறுகள் வெளிவந்துவிடும். இணையதளம் செய்து தருபவருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் இந்தச் சோதனையை முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்குமாறு மாவட்டத்தின் துறை அலுவலகங்களையும் கோயில், ஆலய நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர் ஒருவர்,
தக்கலை.