அந்த முடிவு மீக்கர் எடுத்த முடிவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்க மலிவுப் பதிப்பு நாவல்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1952இல் வெளியான 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலை ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளிவிட்டது. ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களில் ஒருத்தியைப் பைத்தியமாக்கி, இன்னொருத்தியை மனம் மாற வைக்கும் பிற்போக்குக் கதையாம். கதை அப்படித்தான் முடிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழியை எழுதியவர் தலையில் கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

வின் பேக்கர் என்ற புனைபெயரில் அதை எழுதிய மேரிஜேன் மீக்கருக்கு அப்போது 25 வயது. பள்ளி விடுதியில் நடக்கும் கதையாக யோசித்திருந்தவரை, கல்லூரிக்கு மாற்றச் சொன்னது கோல்ட் மெடல் பதிப்பகம். அப்புறம் அதன் பதிப்பாசிரியர் டிக் கரோல் இன்னொரு நிபந்தனையும் போட்டார்: இந்தப் பெண்கள் கடைசியில் சந்தோஷமாக இருக்கக் கூடாது, இப்படி வாழ்வது நல்லது என்ற எண்ணம் வாசகருக்கு வரவே கூடாது. காரணம் தபால். ஆபாசமானது என்று கருதப்படும் எதையும் தபாலில் அனுப்பத் தடைபோட்ட காம்ஸ்டாக் சட்டம் 1873இலிருந்தே இருந்தது, தபால் அதிகாரிகள் கைவைத்தால் அச்சடித்த பிரதிகள் எல்லாம் முடங்கிப் போகும். அதே 1952இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கேதிங்ஸ் என்பவர் தலைமையில் குழு போட்டு இந்த மாதிரி நாவல்களை விசாரித்தது, இதே கோல்ட் மெடல் வெளியிட்ட 'விமன்ஸ் பேரக்ஸ்' அதில் நன்றாகவே மாட்டிக்கொண்டது.

இதைத் தெரிந்துகொண்டு கடைசிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். அந்த இருவரில் ஒருத்தியான லீடா கார் விபத்தில் சிக்குகிறாள், மனநல மருத்துவமனைக்குப் போகிறாள், அவளுக்காக அவ்வளவு தவித்த இன்னொருத்தி மிட்ச், தான் அவளை உண்மையில் காதலிக்கவே இல்லை என்று திடீரென்று உணர்கிறாள், அத்துடன் கதை முடிந்துவிடுகிறது. அதுவரை வந்த அத்தியாயங்களோடு இது துளியும் ஒட்டவில்லை. அன்றைய வாசகிகளும் இந்த முடிவைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நாவல் சுமார் 15 லட்சம் பிரதிகள் விற்றது, பதிப்பகத்துக்குப் பெண்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்பதே அவர்களில் பலருக்குப் பெரிய செய்தி.

நம்பிக்கையோடு முடிகிற கதை என்று உங்கள் கட்டுரை பாராட்டும் பட்ரீசியா ஹைஸ்மித்தின் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலும் 1952இல் வந்ததுதான், எனக்கும் ரொம்பப் பிடித்த நாவல். ஆனால் அது முதலில் வேறு பதிப்பகத்தில், கெட்டி அட்டையில் வந்தது. மருந்துக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் 25 சென்டுக்குக் கிடைத்த ஒரு புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்து மட்டம் தட்டுவது நியாயமே இல்லை.

மீக்கருக்கே அந்த முடிவு உறுத்தலாக இருந்தது, மறுபதிப்புக்கு வெகுகாலம் அவர் சம்மதிக்கவில்லை. 2004இல்தான் சம்மதித்து, நடந்ததையெல்லாம் முன்னுரையில் எழுதினார். உங்கள் கட்டுரையாளர் அந்த முன்னுரையைப் படித்துவிட்டு இந்த நாவலைப் பற்றி இன்னொரு முறை எழுத வேண்டும், இந்த முறை கரோலையும் தபால் சட்டத்தையும் விட்டுவிடாமல்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி